அடைக்கலம் கேட்ட ஊர்கள்: பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரை

டிசம்பர் 31ஆம் தேதி இரவு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று தென்சென்னையின் புறநகர் முழுவதும் தேவாலயங்களில் விளக்கு எரியும். பழைய சபைகளில் நள்ளிரவு ஆராதனை. மாடிக்கட்டடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கூடும் புதிய சபைகளில் விடியவிடியப் பாட்டும் ஜெபமும். முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு சிறிய அட்டை இருக்கும். வரப்போகும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். சிலர் அதை வேதாகமத்துக்குள் வைப்பார்கள், சிலர் வீட்டு வாசற்கதவில் ஒட்டுவார்கள். பிள்ளையின் தேர்வு, வீட்டுக் கடன், வராத வேலை, ஆறாத நோய் என்று அந்த ஆண்டின் கவலைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரியே துணை.

விசுவாசிக்கு ஆசீர்வாதமும் பாதுகாப்பும் உண்டு என்பதைக் கிறிஸ்தவ வேதத்தில் விரிவாகச் சொல்லும் பகுதிகளில் ஒன்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம். தெரிந்துகொள்ளப்பட்டது, பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, மன்னிக்கப்பட்டது, பரிசுத்த ஆவியால் முத்திரை போடப்பட்டது என்று நன்மைகளை அது அடுக்கிக்கொண்டே போகிறது. அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதியவர் தன்னைக் கட்டுண்டவன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பவுல் காவலில் இருந்தபோது எழுதியது என்பதே சபை மரபு. சங்கிலி அறுந்துவிடும் என்ற உறுதி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் புறநகரின் கிறிஸ்தவ வரலாற்றைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. இங்கே விசுவாசத்துக்கு வந்த பலர் வரும்போதே இருந்ததையும் இழந்தவர்கள்.

வட்டாரத்தின் மிகப் பழைய சாட்சி பரங்கிமலை. தோமா அப்போஸ்தலர் உயிர் கொடுத்த இடம் என்று மரபு சொல்லும் அந்த உச்சியில் போர்ச்சுகீசியர்கள் 1523இல் ஒரு சிற்றாலயம் எழுப்பினார்கள். 1547இல் அங்கே தோண்டியபோது சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. சுற்றிலும் ஒரு வாசகம். பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து அது என்று 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் பர்னெல் கண்டு சொன்னார். வாசகத்தின் பொருளில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. 1929இல் வின்க்வொர்த் தந்த வாசிப்பின்படி, கல்லை வெட்டியவர் தன்மேல் இரக்கம் வைக்கும்படி கிறிஸ்துவை வேண்டுகிறார். அந்த வாசிப்பு சரியென்றால் இந்த மண்ணில் எழுத்தாக நிற்கும் மிகப் பழைய கிறிஸ்தவ ஜெபம் அதுவே. கேட்டவர் குருவும் அல்ல, அரசனும் அல்ல. கடல் கடந்து வந்து கல் கொத்திய ஒரு மனிதர். போர்ச்சுகீசியர்கள் காலத்தில் இந்தச் சிலுவை டிசம்பர் 18ஆம் நாளில் வியர்வை சிந்தியது என்ற செய்தி 1558 முதல் 1704 வரை பலமுறை பதிவாகியிருக்கிறது. மக்கள் துணியால் ஒற்றி எடுத்துச் சென்றார்கள்.

அதற்கும் முன்பே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துச் சென்று முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுப்பார்கள் என்றும் காய்ச்சல் இறங்கிவிடும் என்றும் எழுதினார். கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியர்களும் அங்கே வந்து வணங்கினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். ஆசீர்வாதத்தை மண்ணாகக் கையில் அள்ளிக்கொண்டு போன காலம் அது. கேட்டவர் எந்தச் சமயம் என்று மலை பார்க்கவில்லை.

18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அந்த மலைமேல் கொண்ட பக்தியை வேறு விதமாகக் காட்டினார். மலையேறும் படிக்கட்டுகளை அமைத்தார். யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தை 1726இல் கட்டினார். பராமரிக்கவும் பணம் ஒதுக்கினார். பிற்காலத்தில் புதுப்பாலம் எழும்பி அது மறைமலை அடிகளின் பெயரைப் பெற்றது. கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் போகிற பேருந்துகள் பலவும் ஒரு விசுவாசியின் கொடை தொடங்கிவைத்த வழியில்தான் இன்றும் போகின்றன.

மலைக்கு வந்து போனவர்களின் கதை இவ்வளவு எளிது. சபையில் சேர்ந்து இங்கேயே வாழ வேண்டியிருந்தவர்களின் கதை அப்படியல்ல.

1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1841இல் அங்கே படித்த இராஜகோபாலும் வெங்கடராமையாவும், சில வாரங்களுக்குப் பின் எத்திராஜுலுவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். நகரம் கொந்தளித்தது. நூற்றுக்கணக்கில் இருந்த மாணவர்களைப் பெற்றோர்கள் அழைத்துக்கொண்டு போய்விட, பள்ளி ஏறக்குறைய காலியானது. அந்த இளைஞர்கள் வீடு திரும்ப முடியவில்லை. மிஷனரியின் வீடே அவர்களுக்கு வீடாயிற்று. பின்னர் மூவரும் போதகப் பணிக்கு வந்தார்கள். பெற்ற மகனை உயிரோடு இழந்துவிட்டதாகத் துடித்த தாய் தகப்பன்மாரின் வேதனையும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. மிஷன் அறிக்கைகள் அதை விரைவாகத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டியிருக்கக் கூடாது.

குடும்பம் கைவிட்டால் சொத்தும் கைவிட்டுப் போகும் என்பது அன்றைய நிலை. மதம் மாறியதாலோ சாதியை இழந்ததாலோ ஒருவரின் சொத்துரிமை பறிபோகக் கூடாது என்று 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் அதை மாற்றியது. சட்டம் வருவதற்கு முன்பே சென்னையில் எதிர்ப்பு வலுத்திருந்தது. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1844இல் தொடங்கிய 'கிரசென்ட்' பத்திரிகை அதன் முக்கியக் குரல். அரசும் மிஷனும் கைகோத்துக்கொண்டு குடும்பங்களைப் பிரிக்கின்றன என்ற அச்சம் அவரைப் போன்றோருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனாலும் நம்பிக்கையை மாற்றிக்கொண்டதற்குத் தண்டனையாக ஒருவரைத் தெருவில் நிறுத்தலாகாது என்ற கொள்கை நியாயமானது. அது எந்தச் சமயத்துக்கு மாறுகிறவருக்கும் பொருந்தும்.

சொத்து இருந்தவர்களுக்குச் சட்டம் வந்தது. சொத்தே இல்லாதவர்கள்?

தாம்பரமும் பல்லாவரமும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். ஏரிப்பாசனம், நெல் வயல், மிராசுதார்கள், அவர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக இருந்த பறையர் குடும்பங்கள். சேரியில் அவர்கள் குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாரின் உரிமை என்றே கருதப்பட்டது. கூலி கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்துக்குப் பிறகு இந்தச் சேரிகளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபைகளுக்கு வந்தார்கள். சோற்றுக்காக வந்தார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பசித்தவன் சோறு கேட்பதில் என்ன இழிவு? தன்னை மனிதனாக நடத்தும் கடவுளை அவன் தேடியிருந்தால் அதில்தான் என்ன குறை? இரண்டையும் சேர்த்தே அந்த மக்கள் கேட்டார்கள். தோமாவின் மலைமண்ணைக் கேட்டவர்களும் காய்ச்சல் இறங்க வேண்டும் என்றுதானே கேட்டார்கள்!

செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் நிலம், மனை, கொத்தடிமை பற்றி எழுதவும் அரசை நெருக்கவும் செய்தார்கள். அந்நாளில் மாவட்ட ஆட்சியரின் தலைமையிடம் சைதாப்பேட்டை. ஆட்சியர் ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அடிமை நிலை சட்டத்தில் ஒழிந்தும் வாழ்வில் ஒழியவில்லை என்று அது காட்டியது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

மிஷனரிகளை மட்டும் மாலை போட்டுக் கொண்டாடிவிட முடியாது. 'பறையர் பிரச்சினை' என்ற தலைப்பில் 2014இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத், சாதியை ஆன்மிகக் குறையாகப் பார்த்த மிஷன் பார்வை பண்ணையடிமை முறையின் பொருளாதார வேரை மறைக்கவும் உதவியது என்று வாதிடுகிறார். அதில் உண்மை இருக்கிறது. ஆத்துமாவுக்கு விடுதலை என்று சொல்லி, உடம்பை மிராசுதாரின் களத்திலேயே விட்டு வந்த உபதேசங்களும் நிறைய. அதே சமயம் சிங்கப்பெருமாள் கோவில் அருகே மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றத்தை உருவாக்கி, அந்த மக்கள் தங்கள் வயலில் தாங்களே ஏர் பிடிக்க வழி செய்ததும் இதே மிஷன்தான். ஞானஸ்நானத் தொட்டியும் மனைப்பட்டாவும் சேர்ந்து கிடைத்த ஊர்களில் மக்கள் நிமிர்ந்தார்கள். முதலாவது மட்டும் கிடைத்த ஊர்களில் பெயர் மாறியது, வாழ்வு மாறவில்லை.

20ஆம் நூற்றாண்டில் தாம்பரமே ஓர் அடைக்கல ஊராக மாறத் தொடங்கியது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, உணவு, இவைதான் சிகிச்சை. நோய் கண்டவரை வீட்டார் ஒதுக்கினார்கள். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்தி அனுபவம் பெற்ற டேவிட் சௌரி முத்து என்ற தமிழ்க் கிறிஸ்தவ மருத்துவர், 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் திறந்தார். கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றபோது சிலகாலம் இவருடைய மெண்டிப் மருத்துவமனையில்தான் இருந்தார். 1937இல் தாம்பரம் நிலையத்தை அரசு ஏற்றுக்கொண்டது. பிறகு அருகே உள்ள ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம் என்றாயிற்று. 1993இலிருந்து எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் வரத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் கதவு மூடப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே படுக்கை கிடைத்தது.

அரசு அந்த நிலையத்தை ஏற்ற அதே 1937இல்தான் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுன் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது இடமாற்றத்தை எளிதாக்கியது. சேலையூர்க் காட்டில் ஏறக்குறைய 390 ஏக்கர் கிடைத்தது. ஸ்விஸ் கட்டடக் கலைஞர் ஹென்ரி ஷேட்டி கட்டடங்களை வடிவமைத்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் புதர்க்காட்டில் மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். ஜனவரி 30ஆம் தேதி கவர்னர் எர்ஸ்கின் திறந்து வைத்தார்.

இரண்டு ஆண்டு முடிவதற்குள் உலகத்தின் கண் அந்த வளாகத்தின்மேல் விழுந்தது. சர்வதேச மிஷனரி மன்றம் தன் அடுத்த மாநாட்டைச் சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்த எண்ணியிருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்ததும் அது நடவாத காரியமாகிவிட்டது. இடம் தாம்பரத்துக்கு மாறியது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, சுமார் 70 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள் மாணவர் விடுதிகளில் தங்கினார்கள். ஜான் மோட் தலைமை வகித்தார். அதுவரை இத்தகைய மாநாடுகளில் பெரும்பாலும் மேலைநாட்டாரே பேசுவார்கள், ஆசிய ஆப்பிரிக்கர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாம்பரத்தில் இளைய சபைகள் என்று அழைக்கப்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களே பாதிக்கு மேல்.

யார் யார் வந்தார்கள் என்று பார்த்தாலே அந்தக் கூட்டத்தின் கனம் புரியும். சீனக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நான்கிங் நகரின் ஜின்லிங் மகளிர் கல்லூரித் தலைவர் வு யீஃபாங் என்ற பெண்மணி. சரியாக ஓராண்டுக்கு முன் அந்த நகரம் ஜப்பானியப் படையிடம் விழுந்தது. கல்லூரி மேற்குச் சீனாவுக்கு இடம்பெயர்ந்துவிட, வளாகத்தில் தங்கிய அமெரிக்க மிஷனரி மின்னி வாட்ரின் ஏறக்குறைய 10,000 பெண்களையும் குழந்தைகளையும் அங்கே வைத்துக் காத்தார். அந்த நினைவு ஆறாமல் வந்தவரோடு அதே மண்டபத்தில் ஜப்பானின் தொயோஹிகோ ககாவாவும் அமர்ந்திருந்தார். தன் நாடு சீனாவுக்குச் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டவர், 1940இல் கைதானவர். ஜெர்மானியக் குழுவும் வந்திருந்தது. அவர்கள் நாட்டில் யூதர் கடைகளும் தொழுகைக்கூடங்களும் தீயிடப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதூலி வந்தார். நிறவெறியை எதிர்த்து அறவழியில் போராடி, 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசைப் பெறப்போகிறவர். தென்னிந்தியாவின் குரலாகத் தோர்ணக்கல் பேராயர் வி. எஸ். அசரியா இருந்தார்.

இவர்களில் யாரிடமும் விசுவாசிக்குத் தீங்கு வராது என்று சொல்லியிருக்க முடியாது. தீங்கின் நடுவே சபை எப்படி ஒருவரையொருவர் தாங்குவது என்பதைத்தான் பேச முடிந்தது. மாநாட்டின் பதிவுகள் ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று முழுவதும் சபையின் பொருளாதார அடித்தளம் பற்றியது, இன்னொன்று சபையும் அரசும் பற்றியது. ஏழை உறுப்பினர்களைக் கொண்ட சபை வெளிநாட்டுப் பணமில்லாமல் எப்படி நிற்கும், சர்வாதிகார அரசு நெருக்கும்போது என்ன செய்யும் என்ற கேள்விகள் ஆன்மிகக் கேள்விகளாகவே அங்கே எழுந்தன.

சண்டையும் நடந்தது. டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் மாநாட்டுக்காகவே எழுதிய பெருநூல், கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டையும் மனிதர்களின் சமயங்களையும் கூர்மையாகப் பிரித்தது. சென்னையின் சிந்தனையாளர்கள் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் இதற்கு எதிர்நிலை எடுத்தார்கள். மாநாட்டுக்குச் சற்று முன் அவர்கள் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு, மேலைநாட்டு அமைப்பை அப்படியே நட்டுவைத்த மதில்சுவர்ச் சபையை விமர்சித்தது. செஞ்சையா நீதிபதி. சக்கரை தொழிற்சங்கவாதி, பிறகு சென்னை மேயரானவர். அண்டை வீட்டாரிடமிருந்து பிரிந்து மிஷன் வளாகத்துக்குள் வாழ்வது விசுவாசியின் பாதுகாப்பாகாது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். மாநாடு கிரேமரின் பக்கமே அதிகம் சாய்ந்தது. ஆனால் 1988இல் அதே வளாகத்தில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய ஐம்பதாம் ஆண்டுக் கூட்டத்தில் விவாதம் மறுபடி திறந்தது. சென்னைக்காரர்களின் கேள்வி அரை நூற்றாண்டு கழிந்தும் உயிரோடிருந்தது.

சுதந்திரம் வந்தபோது, அண்டை வீட்டாரிடமிருந்து பிரிந்து நிற்பதா என்ற அந்தக் கேள்விக்கு அரசியலில் ஒரு பதில் கிடைத்தது. கிறிஸ்தவத் தலைவர்கள் தனித் தொகுதியையும் சட்டமன்ற ஒதுக்கீட்டையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சென்னை லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசூசா அரசியல் நிர்ணய சபையில் இருந்தார். சமயத்தைப் பரப்பும் உரிமை பற்றி 1948 டிசம்பரில் விவாதம் வந்தபோது, கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்று சாட்சி சொன்னார். அந்த உரிமை அரசியல் சாசனத்தின் 25ஆம் உறுப்பில் நிலைத்தது. 1841இல் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு போன நகரத்திலிருந்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த சாட்சி அது. அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் தந்த இந்தப் பாதுகாப்பு மிகப் பெரியது.

செங்கல்பட்டுச் சேரிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு வேறாகிவிட்டது. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் சாதிக்கான தனித்தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. 2004 முதல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. பஞ்சமி நிலமோ பெரும்பகுதி கைமாறிப்போனது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இருவர் உயிரிழந்தார்கள்.

சபைகளும் கைகழுவிவிட முடியாது. ஒரே வேதத்தை வாசித்து ஒரே அப்பத்தைப் புசித்தவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தன் உறுப்பினருக்கு அடைக்கலம் தராத சபை ஆசீர்வாதத்தைப் பற்றி எவ்வளவு உரக்கப் பிரசங்கித்தாலும் அது வெறும் சத்தம்தான்.

தென்சென்னைப் புறநகரின் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அடக்கப் பதிவேடுகளும் இருக்கும். உறுப்பினர் வீடுகளில் மனைப்பட்டாக்களும் மிஷன் கடிதங்களும் இருக்கலாம். யார் எந்தச் சேரியிலிருந்து வந்தார், எந்த மனையை இழந்தார், எந்த நிலத்தைப் பெற்றார் என்பதற்கு அவையே ஆதாரம். கரையான் அரிக்குமுன் அவற்றை எடுத்துப் படியுங்கள், படம் பிடித்து வையுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நிலத்துக்கும் உரிமைக்கும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்கு அந்தத் தாள்கள் தேவைப்படுகின்றன.